சில வேளைகளில் மட்டும் கிளம்ப மறுக்கும் கார்

கார்ப் பழுதுகளில் மிகவும் திணறடிப்பது எது என்று அனுபவமுள்ள மெக்கானிக்குகளைக் கேட்டால், எப்போதாவது மட்டும் தலைகாட்டும் பழுதையே பெரும்பாலோர் சொல்வார்கள். ஒரேயடியாக நின்றுபோன வண்டியைக் கயிறு கட்டி இழுத்துச் சென்றாலும் பழுது அதனுடனேயே பட்டறைக்கு வந்துசேரும். ஆனால் பத்து முறை சாவியைத் திருப்பினால் எட்டு முறை உடனே கிளம்பி இரண்டு முறை மட்டும் மறுக்கும் வண்டி, பட்டறை வாசலுக்கு வந்தவுடன் ஒரு குறையும் இல்லாததுபோல் கிளம்பிவிடுகிறது. பழுதைக் கண்ணால் பார்க்க முடியாதபோது ஊகமே வழிகாட்டியாகிவிடுவதால், முதலில் பேட்டரி மாற்றப்படுகிறது, அடுத்த மாதம் செல்ஃப் மோட்டார் மாற்றப்படுகிறது, அதற்கடுத்து பெட்ரோல் பம்ப் மாற்றப்படுகிறது. செலவு ஆயிரக்கணக்கில் ஏறிய பிறகும், மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் அதே பழுது திரும்பி வந்து நிற்கிறது.

இத்தகைய பழுதைத் தற்செயலானது என்று கருதுவதில்தான் தவறு தொடங்குகிறது. வெப்பம், ஈரம், அதிர்வு, மின்னழுத்தக் குறைவு ஆகியவற்றில் ஏதோ ஒன்று ஒரு வரம்பைத் தாண்டும்போது பழுது வெளிப்படுகிறது, வரம்புக்குள் திரும்பியதும் மறைகிறது. ஆகவே எந்தப் பாகம் கெட்டது என்று கேட்பதற்கு முன், எந்த வேளையில் வண்டி மறுக்கிறது என்று கேட்க வேண்டும். இரவு முழுவதும் நின்ற பிறகா, நெடுந்தூரம் ஓடி வந்து கால் மணி நேரம் நின்ற பிறகா, மழைக்குப் பிறகா, டேங்கில் பெட்ரோல் குறைந்திருக்கும்போதா என்பது தெரிந்தாலே தேட வேண்டிய இடம் பாதிக்கு மேல் சுருங்கிவிடும். அந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடியவர் அன்றாடம் வண்டியை ஓட்டுபவர்தான். பழுதை நேரில் கண்ட ஒரே சாட்சி அவரே.

சாட்சி முதலில் பிரித்துச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு பழுதுகள் அடங்கியிருக்கின்றன. சாவியைத் திருப்பினால் எஞ்சினைச் சுழற்றும் மின்மோட்டார் அசையாமலேயே இருப்பது ஒன்று. இதைத்தான் ‘செல்ஃப் எடுக்கவில்லை’ என்பார்கள். மோட்டார் எஞ்சினைத் தாராளமாகச் சுழற்றியும், எஞ்சின் தானாக எரிந்து ஓடத் தொடங்காமல் இருப்பது மற்றொன்று. ‘செல்ஃப் அடிக்கிறது, வண்டி பிடிக்கவில்லை’ என்பது இதன் பெயர். முதலாவது, பேட்டரிக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் இடைப்பட்ட மின்பாதையின் சிக்கல். இரண்டாவது, எரிபொருளோ தீப்பொறியோ எஞ்சினுக்குக் கிடைக்காத சிக்கல். மேனுவல் கியர் வண்டியைத் தள்ளினால் உடனே கிளம்புகிறது என்றால், எரிபொருளும் தீப்பொறியும் சரியாகவே இருக்கின்றன என்றும் குற்றம் முதல் வகையைச் சேர்ந்தது என்றும் செலவில்லாமலேயே தெரிந்துவிடுகிறது.

செல்ஃப் மோட்டார் எஞ்சினுக்கு வந்து சேர்ந்த கதை அதன் பழுதுகளைப் புரிந்துகொள்ளவும் உதவுகிறது. முன்பெல்லாம் காரின் முன்புறத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகிக் கையால் சுழற்றித்தான் எஞ்சினைக் கிளப்பினார்கள். எஞ்சின் எதிர்த்துத் திரும்பினால் கை ஒடிவதும் உண்டு. அமெரிக்காவின் டேட்டன் நகரில் கல்லாப்பெட்டி இயந்திரங்களுக்குச் சிறிய மின்மோட்டார் பொருத்திய அனுபவம் கொண்ட சார்லஸ் கெட்டரிங், அதே எண்ணத்தைக் காருக்குக் கொண்டுவந்தார். 1912ஆம் ஆண்டின் கேடிலாக் கார்கள் மின்சார செல்ஃப் மோட்டாருடன் விற்பனைக்கு வந்தன. சில விநாடிகள் மட்டுமே வேலை செய்ய வேண்டிய மோட்டாருக்கு, அதன் நிரந்தரத் தகுதியை மீறிய மின்சாரத்தைக் கொடுத்தாலும் அது தாங்கும் என்பதே அவர் கண்ட உண்மை. இன்றைய செல்ஃப் மோட்டாரும் இதே கணக்கில்தான் செய்யப்படுகிறது. அதனால்தான் பத்து விநாடிகளுக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் அடிக்கக் கூடாது என்றும், இடையில் அரை நிமிடமாவது ஓய்வு தர வேண்டும் என்றும் சொல்லப்படுகிறது.

சிறிய பெட்ரோல் காரின் செல்ஃப் மோட்டார் எஞ்சினைச் சுழற்றும்போது 100 முதல் 200 ஆம்பியர் வரை மின்னோட்டத்தை இழுக்கிறது. டீசல் எஞ்சினுக்கு இது இன்னும் அதிகம். ஹாரனுக்குச் சில ஆம்பியரே போதும். இந்த வேறுபாட்டை மனத்தில் நிறுத்திக்கொண்டால், பலரையும் குழப்பும் ஒரு காட்சி உடனே விளங்கிவிடும். பேட்டரியின் எதிர்முனையிலிருந்து எஞ்சினுக்கும் பாடிக்கும் செல்லும் தடித்த ஒயருக்கு ‘எர்த்’ என்று பெயர். அது பாடியுடன் இணையும் இடத்தில் துருவோ களிம்போ ஏறி, ஓம் அளவில் நூறில் ஒரு பங்கு மட்டுமே மின்தடை உண்டாகிவிட்டதாகக் கொள்வோம். ஹாரன் 5 ஆம்பியர் இழுக்கும்போது அந்த இடத்தில் இழக்கப்படுவது 0.05 வோல்ட் மட்டுமே என்பதால், ஹாரன் வழக்கம்போல் அலறுகிறது, விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன. ஆனால் செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் கேட்டவுடன் அதே இடம் 1.5 வோல்ட்டை விழுங்கிவிடுகிறது. ஏற்கெனவே பாரத்தால் இறங்கிய மின்னழுத்தம் இன்னும் இறங்கிவிடுவதால், மோட்டார் முனகுவதோடு நின்றுவிடுகிறது. ‘லைட் நன்றாக எரிகிறதே, பேட்டரி ஒயரில் என்ன குறை இருக்க முடியும்’ என்ற கேள்விக்கு விடை இந்தச் சிறு பெருக்கல்தான்.

எர்த் இணைப்பின் குறை ஏன் விட்டுவிட்டு வருகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. போல்ட்டுக்கும் தகட்டுக்கும் இடையே உலோகம் உலோகத்தைத் தொடும் பரப்பு, எஞ்சின் அதிரும்போதும், சூடேறி விரியும்போதும், ஆறிச் சுருங்கும்போதும் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு நாள் நல்ல தொடுகை கிடைக்கிறது, மறுநாள் கிடைப்பதில்லை. பேட்டரியின் முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் படிவமும் இதே வேலையைச் செய்கிறது. கவ்வி இறுக்கமாகத் தெரிந்தாலும், அதற்கும் ஈய முனைக்கும் இடையே மெல்லிய படலம் ஒன்று மறைந்திருக்கும். வெந்நீர் ஊற்றிக் கழுவுவதுடன் நிறுத்தாமல், கவ்வியைக் கழற்றி உட்புறத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி மீண்டும் பூட்டி, மேலே வாசலின் தடவுவதே சரியான முறை. கழற்றும்போது முதலில் எதிர்முனையையும், பூட்டும்போது அதைக் கடைசியிலும் கையாள வேண்டும்.

இந்த இழப்பை அளக்கும் சோதனை மிகவும் எளிது. ஆனாலும் பெரும்பாலான பட்டறைகளில் செய்யப்படாமலேயே விடப்படுகிறது என்பது வருந்தத்தக்கது. பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸை எடுத்துவிட்டால் எஞ்சின் பிடிக்காமல் சுழல மட்டும் செய்யும். வண்டியை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலேயே, அதாவது கவ்வியின் மேல் அல்லாமல் ஈயத் தண்டின் மேலேயே அழுத்தி வைத்து, மறு முனையை எஞ்சினின் சுத்தமான உலோகப் பகுதியில் வைத்துக்கொண்டு, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். மீட்டர் 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் பாதை நலமாக இருக்கிறது. அரை வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டினால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. மறு முனையை இணைப்பு இணைப்பாக நகர்த்திக்கொண்டே வந்தால், எந்த இணைப்பைத் தாண்டியதும் எண் குதிக்கிறதோ, அந்த இணைப்புதான் குற்றவாளி. நேர்முனையிலிருந்து செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட் வரையிலும் இதேபோல் அளக்கலாம். அங்கே அரை வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம். வண்டி நன்றாகக் கிளம்பும் நாளிலும் இந்த அளவீடு பழுதின் அடையாளத்தைப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடுகிறது என்பதே இதன் பெரும் சிறப்பு.

பேட்டரியையும் எண்ணாலேயே மதிப்பிட வேண்டும். ஆறு கலங்கள் கொண்ட 12 வோல்ட் பேட்டரி, முழுமையாகச் சார்ஜ் ஆகிச் சில மணி நேரம் ஓய்ந்திருக்கும்போது ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதிதான் மீதி, 12.0 என்றால் கால்வாசிதான். செல்ஃப் அடிக்கும் நேரத்தில் அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியோ, அதை வரம்பு மீறி இழுக்கும் மோட்டாரோ சந்தேகத்துக்குரியது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் ஆல்டர்னேட்டர், அதாவது ஓடும்போதே பேட்டரியைச் சார்ஜ் செய்யும் மின்னாக்கி, பெரும்பாலும் தன் கடமையைச் செய்கிறது. குளிர்நாடுகளில் பேட்டரி குளிரில் தோற்கிறது. தமிழ்நாட்டிலோ அதன் ஆயுளை அரிப்பது கோடை. எஞ்சின் அறையின் வெப்பத்தில் உள்ளிருக்கும் ஈயத் தகடுகள் விரைவாக அரிக்கப்படுவதால், மூன்று நான்கு ஆண்டுகளைத் தாண்டிய பேட்டரியைக் கொஞ்சம் ஐயத்துடன் பார்ப்பதே நல்லது.

திங்கட்கிழமை காலைகளில் மட்டும் செல்ஃப் எடுக்காத வண்டியில் பேட்டரி நல்லதாகவே இருந்தும், நிற்கும்போது எதுவோ அதைக் குடித்துக்கொண்டிருக்கலாம். பூட்டி வைத்த கார் இழுக்கும் மின்னோட்டம், அதன் கணினிகள் உறங்கிய பின், பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். பின்னாளில் பொருத்தப்பட்ட கேமராவோ, ஜிபிஎஸ் கருவியோ, மியூசிக் சிஸ்டமோ 300 மில்லி ஆம்பியர் இழுத்தால் நாளொன்றுக்கு 7.2 ஆம்பியர் மணி போகிறது. மூன்று நாள் நின்றால் 45 ஆம்பியர் மணி பேட்டரியில் ஏறத்தாழ பாதி காலியாகிவிடுகிறது. மற்ற நாள்களில் அன்றாடம் ஓடுவதால் இது வெளியே தெரிவதில்லை.

ஒலியும் நல்ல சாட்சி. சாவியைத் திருப்பியதும் ‘டக் டக் டக்’ என்று விரைவாக அடித்துக்கொண்டால், சோலினாய்டு, அதாவது செல்ஃப் மோட்டாரின் மேல் அமர்ந்து அதன் பல்சக்கரத்தை முன்னே தள்ளி மின்சாரத்தையும் திறந்துவிடும் மின்காந்தம், இழுத்துப் பிடிக்கப் போதிய மின்னழுத்தம் இல்லாமல் விட்டுவிட்டு விழுகிறது என்று பொருள். பேட்டரியும் இணைப்புகளும் அங்கே முதல் சந்தேகம். ஒரே ஒரு முறை ‘டக்’ என்று அழுத்தமாகக் கேட்டு அமைதியானால், சோலினாய்டுக்குள் இருக்கும் செம்புத் தொடுமுனைகள் தேய்ந்திருக்கலாம், அல்லது மோட்டாரின் கார்பன் பிரஷ்கள் தேய்ந்து சுழலியைத் தொடாமல் இருக்கலாம். சுத்தியலின் கட்டையால் மோட்டாரை மெல்லத் தட்டியதும் செல்ஃப் எடுக்கிறது என்றால், பிரஷ்களின் மேல் சந்தேகம் வலுக்கிறது; தட்டுவது பழுதைக் கண்டுபிடிக்கும் உத்தியே தவிர மருந்து ஆகாது. ஓர் ஒலியும் இல்லையென்றால், சாவி சுவிட்ச், ரிலே, கிளட்ச் பெடலின் கீழுள்ள சுவிட்ச், ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் நெம்புகோலின் நிலையை அறியும் சுவிட்ச் என்ற சிறிய மின்சுற்றைத் தேட வேண்டும். ஆட்டோமேட்டிக் கார் ‘பார்க்’கில் மறுத்து ‘நியூட்ரல்’ நிலையில் கிளம்பினால், அந்தக் கடைசி சுவிட்சைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டாம் வகைப் பழுதில், செல்ஃப் அடித்தும் எஞ்சின் பிடிக்காதபோது, வெப்பமே பெரும்பாலும் முதல் தடயம். நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் ஓடி வந்து, டீக்கடையில் கால் மணி நேரம் நிறுத்திவிட்டுத் திரும்பினால் வண்டி மறுக்கிறது; அரை மணி நேரம் கழித்து மறுபடி திருப்பினால் கிளம்பிவிடுகிறது. ஓடும் எஞ்சினைக் காற்றும் தண்ணீரும் குளிர்வித்துக்கொண்டே இருக்கின்றன. நிறுத்தியதும் அவ்விரண்டும் நின்றுபோக, எஞ்சினின் இரும்பில் தேங்கிய சூடு சுற்றியுள்ள பாகங்களுக்கு ஏறுகிறது. ஆகவே எஞ்சினைச் சுற்றியுள்ள மின்பாகங்கள், வண்டி ஓடும்போது இருந்ததைக் காட்டிலும், நிறுத்திய பத்து முதல் முப்பது நிமிடங்களுக்குள் அதிகமாகச் சூடேறி நிற்கின்றன.

அந்த இடைவேளையில் அடிக்கடி விழுந்துவிடும் பாகம் கிராங்க் சென்சார். எஞ்சினின் முதன்மைத் தண்டோடு சுழலும் பல்சக்கரத்தின் அருகே விரலளவில் அமர்ந்திருக்கும் இந்த உணரி, ஒவ்வொரு பல்லும் கடந்து செல்லும்போது ஒரு மின்துடிப்பை அனுப்புகிறது. எஞ்சின் எந்த நிலையில், எந்த வேகத்தில் சுழல்கிறது என்று காரின் கணினி அறிவது இதன் மூலமே. பல கார்களின் அந்தச் சக்கரத்தில் அறுபது பற்களுக்கான இடமிருக்க, இரண்டு மட்டும் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். அந்த இடைவெளி கடக்கும் கணத்தை வைத்தே கணினி தன் கணக்கைத் தொடங்குகிறது. துடிப்பு வராவிட்டால், எஞ்சின் சுழலவே இல்லை என்று கணினி கருதி, தீப்பொறியையும் எரிபொருளையும் தருவதில்லை. சென்சாருக்குள் இருக்கும் மயிரிழை போன்ற செம்புக் கம்பியில் விழுந்த கீறல், சூட்டில் விரியும்போது திறந்துகொள்கிறது, ஆறியதும் மூடிக்கொள்கிறது. செல்ஃப் அடிக்கும்போது வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் சற்றும் அசையாமல் கிடந்தால், பல கார்களில் அது இந்தச் சென்சாரைச் சுட்டும் அடையாளம். கம்பிச்சுருள் வகைச் சென்சாராக இருந்தால், அதைக் கழற்றி முடி உலர்த்தும் கருவியால் சூடாக்கிக்கொண்டே மீட்டரில் மின்தடையைப் பார்க்கலாம். ஆறியிருக்கும்போது சில நூறு ஓம் காட்டியது, சூட்டில் எல்லையற்றதாக மாறினால், குற்றம் ஐயமின்றி நிறுவப்பட்டுவிட்டது. வெறும் ஊகத்துக்கும் நோயறிதலுக்கும் உள்ள தூரம் இந்தச் சோதனையில் தெளிவாகத் தெரிகிறது.

வெயிலில் நின்ற காரில் ரிலேயும் இப்படி ஏமாற்றும். ரிலே என்பது சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்காந்த சுவிட்ச். 1980களிலும் 1990களிலும் வந்த சில ஜப்பானியக் கார்களில், டாஷ்போர்டுக்குக் கீழிருந்த பம்ப் ரிலேயின் ஈயப் பற்றவைப்பில் கண்ணுக்குத் தெரியாத வட்ட விரிசல்கள் விழுந்து, வெயிலேறிய மதிய நேரங்களில் மட்டும் பெட்ரோல் பம்ப்புக்கு மின்சாரம் போகாமல் தடுத்தன. கதவைத் திறந்து காற்றோட்டம் கொடுத்ததும் கார்கள் கிளம்பின. பல மாடல்களில் ஒரே வகை ரிலே ஹாரனுக்கும் பம்ப்புக்கும் பொருந்துவதால், இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டிப் பார்த்தாலே உண்மை வெளிவந்துவிடும்.

பெட்ரோல் பம்ப்பைக் காதால் சோதிக்கலாம். சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பியதும், பின் இருக்கைக்கு அடியிலிருந்து ஏறத்தாழ இரண்டு விநாடிகளுக்கு ஒரு மெல்லிய ரீங்காரம் எழும். பல கார்களில் பம்ப் அழுத்தத்தை ஏற்றுவது அப்போதுதான். மறுக்கும் வேளையில் அந்த ரீங்காரம் இல்லையென்றால், பம்ப்பையும் அதற்கு வரும் மின்சாரத்தையும் சோதிக்க வேண்டும். பம்ப்பைக் குளிர்விப்பது டேங்கிலுள்ள பெட்ரோலே என்பதால், எப்போதும் கடைசிக் கோட்டில் ஓட்டப்படும் வண்டிகளில் அது சீக்கிரம் தேய்கிறது. முதலில் பெட்ரோலில் கிளம்பிப் பிறகு சிஎன்ஜிக்கு மாறும் வண்டிகளில், பெட்ரோல் எதற்கு என்று டேங்கைக் காலியாகவே வைத்திருக்கும் பழக்கமும் இதே கேட்டில் முடிகிறது. காலையில் மட்டும் நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருந்து, சாவியை இரண்டு மூன்று முறை ‘ஆன்’ செய்து அணைத்த பின் முதல் சுழற்சியிலேயே வண்டி பிடித்தால், இரவில் குழாயின் அழுத்தம் கசிந்து இறங்கிவிடுகிறது என்று கொள்ளலாம். பம்ப்பின் ஒருவழி வால்வோ, கசியும் இன்ஜெக்டரோ காரணமாகலாம்.

டீசல் வண்டிகளில் சந்தேகப் பட்டியல் வேறு: எரிபொருள் குழாயில் காற்று நுழைதல், ஃபில்டரில் தண்ணீர் தேங்குதல், மலைப்பகுதிக் குளிரில், எரிப்பறையை முன்கூட்டியே சூடாக்கும் குளோ பிளக் சூடேறாமை. எந்த எரிபொருளில் ஓடும் வண்டியானாலும், சாவியில் மறைந்திருக்கும் சிப்பைக் கார் அடையாளம் காணாதபோது டாஷ்போர்டில் பூட்டு வடிவ விளக்கு மினுக்கும். அப்போது மாற்றுச் சாவியைப் போட்டுப் பார்ப்பதே முதல் சோதனை.

ஈரத்தின் கொடுமையைச் சென்னைவாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் எத்தனையோ. தண்ணீரில் நின்ற காரின் ஒயர் இணைப்புகளில் பச்சைக் களிம்பு பல மாதங்கள் கழித்தும் வளர்ந்து, விட்டுவிட்டு வரும் பழுதாக வெளிப்படலாம். எனவே பழைய கார் வாங்குவோர், மழைநாளில் மட்டும் மறுக்கும் வண்டியின் பாய்களைத் தூக்கி அடியில் சேற்றுப் படிவு இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். எலி கடித்து அரைகுறையாக அறுந்த ஒயரும் காய்ந்த நாளில் வேலை செய்து ஈர நாளில் மறுக்கும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில், சுழலும் பாகங்களிலிருந்து கையை விலக்கிவைத்து, ஒயர்க் கட்டுகளை ஒவ்வொன்றாக மெல்ல அசைத்துப் பார்க்கும்போது எங்கே எஞ்சின் தடுமாறுகிறதோ அங்கே பழுது இருக்கிறது.

கணினிச் சோதனை ஒன்றே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நம்புவோர் இன்று பெருகிவிட்டார்கள். அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமான, கார் தன் பழுதைத் தானே பதிவுசெய்யும் ஓபிடி முறையின் இரண்டாம் தலைமுறை இந்தியக் கார்களுக்கும் வந்துவிட்டது. ஸ்கேனரைப் பூட்டினால் பி0335 என்ற குறி கிராங்க் சென்சாரின் மின்சுற்றைச் சுட்டும், பழுது பதிவான கணத்தில் எஞ்சினின் சூடு எவ்வளவு, வேகம் எவ்வளவு என்ற விவரமும் கிடைக்கும். ஆனால் துருவேறிய எர்த்தையும் தேய்ந்த சோலினாய்டையும் கணினி கண்காணிப்பதில்லை. அவை பெரும்பாலும் எந்தக் குறியையும் விட்டுச்செல்வதில்லை. இருக்கும் தடயத்தையும் அழிக்கும் பழக்கம் ஒன்று பரவலாக இருக்கிறது: வண்டி கிளம்பாதபோது பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டுவது. அதனால் சில வேளை வண்டி கிளம்பிவிடலாம். ஆனால் கணினியில் பதிந்திருந்த குறிகள் பல கார்களில் அத்துடன் அழிந்துவிடுகின்றன. குறிகளைத் தாளில் எழுதிக்கொள்ளாமல் எந்த ஒயரையும் கழற்ற அனுமதிக்கக் கூடாது.

ஆகையால் இத்தகைய கார் வைத்திருப்போர் டாஷ்போர்டு அறையில் ஒரு தாளும் பேனாவும் வைத்திருப்பது நல்லது. வண்டி மறுத்த ஒவ்வொரு முறையும், நாள், நேரம், அதற்கு முன் எவ்வளவு நேரம் நின்றது, எஞ்சின் சூடாக இருந்ததா, மழை பெய்ததா, டேங்கில் எவ்வளவு இருந்தது, செல்ஃப் சுழன்றதா, என்ன ஒலி கேட்டது, எந்த விளக்கு எரிந்தது, கடைசியில் எப்படிக் கிளம்பியது என்பவற்றை அந்த இடத்திலேயே எழுதிவிட வேண்டும். நான்கைந்து பதிவுகள் சேர்ந்ததும் மறுப்பின் வேளை பெரும்பாலும் தெரியத் தொடங்கும். மெக்கானிக் ஏதேனும் ஒரு பாகத்தை மாற்றச் சொன்னால், எந்த அளவீடு அதைக் கெட்டது என்று காட்டியது என மரியாதையுடன் கேட்பதில் தவறில்லை. நல்ல மெக்கானிக் அந்தக் கேள்வியை விரும்பவே செய்வார். காலையில் மட்டும் மறுக்கும் வண்டியை முந்தைய நாள் மாலையே பட்டறையில் விட்டுவிட்டு, மறுநாள் முதல் முறை சாவியைத் திருப்பும் வேலையை மெக்கானிக்கிடமே ஒப்படைத்துவிடுங்கள்.